கதவைப் பார்த்த நாற்காலி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
6 ஜனவரி 2025

திரிஷா,

என் நம்பரை நீ பிளாக் செய்து நாலு மாதம் ஆகப்போகிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் தபால். கடைசியாக நான் கையால் எழுதியது எம்.ஏ. தேர்வு. இரண்டு வரிக்கே விரல் வலிக்கிறது.

முகவரியை உன் அப்பாவிடம் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவை நிறுத்தித் தாமலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா துர்கா, ரெண்டு பேருக்கும் சண்டையா? முன்னெல்லாம் அது வாயத் தொறந்தாலே உன் பேச்சுதான். இப்ப லீவுல வந்தாலும் உன் பேர எடுத்தா ரூமுக்குள்ள பூடுது" என்றார். நான் முகவரி மட்டும் கேட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் முகவரியை எழுதிக் கொடுத்து, "மலையில குளுரு ஜாஸ்தியாம். ஸ்வெட்டர் போடச் சொல்லி எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன். போட்டுக்கொள்.

விஷயம், அந்த ஆங்கில நாவலைப் பற்றி நாம் சேர்ந்து எழுதும் கட்டுரை. கல்லூரி ஆங்கிலத் துறை கொண்டுவரும் தொகுப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பிப்ரவரி முடிவதற்குள் முழுதாகக் கேட்கிறார்கள். இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து. முதல் இரண்டு பகுதி என்னுடையது, தயார். சமையல்காரியைப் பற்றிய மூன்றாம் பகுதி உன்னுடையது. பாதியில் நிற்கிறது.

முன்னுரைக்காகக் கதைச்சுருக்கத்தை மறுபடி எழுதினேன். சரியா என்று பார்:

"சதுப்புநிலத்தின் நடுவே ஒரு பெரிய வீடு. எஜமானி காணாமல் போயிருக்கிறாள். வீட்டை விற்றுக் கொடுக்க வரும் வழக்கறிஞர் தன் தங்கைக்கு எழுதும் கடிதங்களாக நாவல் நகர்கிறது. அந்தக் கடிதங்களுக்குள் எஜமானியின் டைரிப் பக்கங்களும், சமையல்காரி நீதிபதியிடம் சொன்ன வாக்குமூலமும் வருகின்றன. மேற்கு அறை பூட்டிக் கிடக்கிறது. தான் வருவதற்கு முன்பே சாவி தொலைந்துவிட்டது என்கிறார் வழக்கறிஞர். அவர் வரும் நாள்வரை அது அடுக்களை ஆணியில் தொங்கியது என்கிறாள் சமையல்காரி. கடைசி அத்தியாயத்தில் கதவை உடைக்கிறார்கள். பிணம் இல்லை, பேய் இல்லை. கதவைப் பார்த்தபடி ஒரே ஒரு நாற்காலி."

இதன் பிறகு நான் சொல்வது, நம்பத்தகாத கதைசொல்லியாகச் சமையல்காரியைப் படைத்ததுதான் நாவலின் உத்தி என்பது. மூன்று குரல்களும் கோர்வைச் சேலை மாதிரி சேர்கின்றன என்ற உவமையையும் வைத்திருக்கிறேன். உடலுக்கு இழை ஓட்ட ஒரு நாடா, கரைக்கு வேறொரு நாடா, சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்வது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவேன் என்று நீ சொன்னாய். அதற்காகத்தான் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று காலைதான் தறியில் புதுப் பாவு இழைகளைப் பிணைத்திருந்தார்கள். பாவு பிணைத்த அன்று வெளியாட்கள் தறி அறைக்குள் வருவதில்லை. அது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா உன்னிடம் சொன்னது அவ்வளவுதான். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் நீ போய்விட்டாய். தறியில் இருந்த அரக்குச் சேலையை, பாதிவரை ஏறியிருந்த அந்தப் பச்சைக் கரையை உனக்குக் காட்டவேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா?

இப்போது பட்டுக்கடை ஒன்றின் ஆன்லைன் பிரிவில் வேலை. காலையிலிருந்து மாலைவரை சேலைகளுக்கு ஆங்கிலத்தில் வர்ணனை எழுதுகிறேன். ஒரே சேலையை நாற்பது விதமாக. படித்ததைப் பேச ஒரு ஆள் இல்லை. புத்தகத்தில் ஒரு நல்ல இடம் வந்தால் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, யாருக்காகப் போட்டேன் என்று யோசிக்கிறேன்.

எழுது.

துர்காதேவி

*

கோத்தகிரி
17 ஜனவரி 2025

துர்கா,

ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடு.

நான் இருக்கும் பள்ளி விடுதி வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. நிஜமான மூடுபனி, நிஜமான கணப்படுப்பு, மாடியில் நிஜமாகவே ஏதோ ஓடுகிறது. எலி. நம் நாவலாசிரியர் இங்கே ஒரு வாரம் தங்கியிருந்தால் பனியை வர்ணித்த அறுபது பக்கத்தையும் கிழித்துப் போட்டிருப்பார். மூடுபனி என்றால் மர்மம் இல்லை. மூன்று நாளாகத் துணி காயாது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் "மிஸ், நீங்க மட்டும் ஏன் மிஸ் ஊருக்குப் போன் பண்றதே இல்ல?" என்று கேட்கிறார்கள். சிக்னல் இல்லை என்கிறேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

கட்டுரைக்கு வருகிறேன். சுருக்கம் சரி. முடிவு தப்பு.

சமையல்காரியை ஏன் நம்பத்தகாதவள் என்கிறாய்? அவள் குடிக்கிறாள் என்று யார் சொன்னது? வழக்கறிஞர். அவள் பேச்சு முன்னுக்குப் பின் முரண் என்று யார் சொன்னது? வழக்கறிஞர். அவள் வாக்குமூலத்தை மட்டும் தனியாக எடுத்து வாசித்துப் பார். ஒரு முரண்கூட இல்லை. நானூறு பக்கத்தில் அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை, கவனித்தாயா? நாய்க்கு இருக்கிறது.

இப்போது ஒன்பதாம் கடிதத்தை எடு. வழக்கறிஞர் தங்கைக்கு அடுக்களையை வர்ணிக்கிறார். புகை ஏறிக் கறுத்த சுவர், அதில் ஒரு ஆணி, ஆணிக்குக் கீழே சாவியின் உருவத்தில் வெளுத்த தடம். அவர் அதைச் சும்மா, அழகுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார். சாவி முன்பே தொலைந்திருந்தால் அந்தத் தடத்தைப் புகை எப்போதோ மூடியிருக்கும். தடம் வெளுப்பாக இருக்கிறது என்றால் சாவி நேற்றுவரை அங்கே தொங்கியிருக்கிறது. எடுத்தது அவர்தான். பொய் சொல்கிறவன் பொய்யில் மாட்டுவதில்லை. பொய்யின் பக்கத்தில் அலங்காரமாக வைக்கும் உண்மையில்தான் மாட்டுவான். இதுதான் நாவலின் உத்தி. என் மூன்றாம் பகுதி இதைத்தான் சொல்லும்.

அப்புறம் உன் கடிதத்திலிருந்து ஒரு கேள்வி. பாவு தீர்ந்த பிறகுதான் புதுப் பாவைப் பிணைப்பார்கள், பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். காலையில் பாவு பிணைத்திருந்தால் அன்று தறியில் வெறும் இழைதான் இருக்கும். பாதிவரை கரை ஏறிய அரக்குச் சேலை எங்கிருந்து வந்தது?

திரிஷா

*

பிள்ளையார்பாளையம்
24 ஜனவரி 2025

திரிஷா,

சாவித் தடத்தைப் படித்துவிட்டு ஒன்பதாம் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீ சொல்வது சரி. இத்தனை முறை படித்தும் எனக்கு அது தெரியவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. "நம்பத்தகாத" என்ற பத்தியை மாற்றி எழுதுகிறேன். ஆனால் வழக்கறிஞரை முழுப் பொய்யன் என்று சொல்லிவிட முடியுமா? தங்கைக்கு எழுதும்போது அவருக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டிருக்கலாம். ஒன்றைப் பல தடவை சொன்னால் அப்படி ஆகிவிடும்.

சேலை விஷயம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வேறு நாளில் பார்த்த சேலையாக இருக்கலாம். ஒரு நாவலைப் படித்துவிட்டு எல்லாரையும் அதற்குள் கொண்டுபோய் வைக்கிறாய் நீ. எங்கள் வீடு ஒன்றும் மாளிகை இல்லை. மூன்று அறை, ஒரு தறி, மழை வந்தால் ஒழுகும். அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலை செய்கிறவள். அவளை வில்லியாக்காதே. உன்னிடம் அவள் ஒரு கடினமான வார்த்தை பேசியிருக்கிறாளா? "அப்பறம் ஒரு நாள் பாத்துக்கலாம்" என்றுதானே சொன்னாள்? அந்த "அப்பறம் ஒரு நாள்" வருவதற்குள் நீ மலை ஏறிவிட்டாய்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு வியாழக்கிழமை. கடைக்கு லீவு போட்டுவிட்டு, நாம் போவோமே, திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயில், அங்கே தனியாகப் போனேன். கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் பக்கத்தில் திரும்பினேன். நீ இருந்தால் "போதும், வா, பசிக்குது" என்று சொல்லியிருப்பாய். சொல்ல ஆள் இல்லாததால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் பகுதியை அனுப்பு.

துர்கா

*

கோத்தகிரி
1 பிப்ரவரி 2025

துர்கா,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ எழுதியது இரண்டு பக்கம்.

அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அம்மா சொன்ன வார்த்தை எழுத்துக்கு எழுத்து எப்படித் தெரியும்?

என் பெயரை எடுத்துவிடு. மூன்றாம் பகுதியையும் எடுத்துவிடு. கோர்வை உவமையோடு உன் பெயரில் மட்டும் வரட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று உன் வீட்டிலிருந்து தாமல்வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சீட் காலியாகத்தான் இருந்தது.

திரிஷா

*

பிள்ளையார்பாளையம்
9 பிப்ரவரி 2025

திரிஷா,

ஐந்து நாளாக உன் கடிதம் என் பையில் இருக்கிறது. பதிலை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

நான் அடுக்களையில் இல்லை. டீ போடவும் இல்லை.

நாம் இரண்டு பேரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தோம். நான் முன்னால் போனேன். தறி அறைக்குள் நுழைந்து, அப்பா தறிக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, "வா டி, இங்க வந்து பாரு" என்று சொல்லத் திரும்பினேன். நீ ஒரு காலை வாசற்படிக்கு மேல் தூக்கியிருந்தாய். அம்மா நிலையில் குறுக்கே கையை வைத்தாள்.

"எங்கம்மா போற?"

"தறி பாக்கணும் ஆன்ட்டி. துர்கா வரச் சொல்லிச்சு."

"இன்னிக்குப் பாவு பிணைச்சிருக்குது பா. வெளியாளுங்க தறியாண்ட வரக் கூடாது. அப்பறம் ஒரு நாள் பாத்துக்கலாம்."

நீ தூக்கிய காலைக் கீழே வைத்தாய். அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் கைக்கு மேலாக என்னைப் பார்த்தாய். நான் பச்சைக் கரையைப் பார்த்தேன். கரையும் உடலும் சேரும் இடத்தை, இழை எண்ணுகிறவள் மாதிரி, தலையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதிவரை ஏறியிருந்தது அதனால்தான் எனக்குத் தெரியும்.

அம்மா எதற்கு நிறுத்தினாள் என்பதும் தெரியும். நீ வந்ததும் ஊர் கேட்டாள். தாமல் என்றாய். "தாமல்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நீ சொன்னாய். அந்த இரண்டாவது கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் வேகமாக உள்ளே போனேன். நீ பின்னாலேயே வந்துவிட்டால் அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நினைத்தேனா, அல்லது அவள் நிறுத்தும்போது உன் பக்கத்தில் நிற்காமல் இருக்கத்தான் போனேனா, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இந்த ஒரு இடத்தில் என்னை நம்பாதே.

நேற்று அப்பா தறியில் இருந்தார். கேட்டேன். "அப்பா, பாவு பிணைச்ச அன்னிக்கு வெளியாளுங்க உள்ள வரக் கூடாதுன்னு நம்ம வீட்டுல வழக்கம் இருக்குதா?"

அப்பா சிரித்துவிட்டார். "நல்லா கேட்ட போ! பிணைக்க வர்றதே வெளியாளுதானே? கங்கையம்மா நாளெல்லாம் இங்கதான் குந்திக்கினு பிணைக்குது. வெளியாளு வரக் கூடாதுன்னா இழைய யாரு சேக்கறது, உங்க கடை மொதலாளியா?"

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "யாருகிட்ட சொன்னீங்க அப்பிடி?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எறியாமல் இருந்தார். அவரும் அன்று அந்த அறையில்தான் இருந்தார், திரிஷா. கதவுக்கு முதுகு காட்டி, தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு. சத்தத்தில் கேட்டிருக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தறி ஓடினால்தானே சத்தம். நீ வந்தபோது அவர் நிறுத்தியிருந்தார்.

அம்மா அடுக்களையிலிருந்து, "இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? தெருவுல நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க, நான் இன்னா பண்ண?" என்றாள்.

"எந்த நாலு பேரும்மா? தெருக்கதவு சாத்தியிருந்துதே."

அம்மா தட்டுகளை எடுத்து வைத்தாள். சாப்பாடு போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். யாரும் எதுவும் கேட்டுப் போட்டுக்கொள்ளவில்லை.

நம் நாவலின் கடைசி அறையைப் பற்றி நாம் எவ்வளவு சண்டை போட்டோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அடைபட்டவள் என்று நான். இல்லை, காவல் காத்தவள் என்று நீ. இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. பூட்டியவள் வெளியே இருக்கிறாள். தட்டுகிறவளும் வெளியே இருக்கிறாள். உள்ளே ஒருத்தி கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் கேட்கிறது. எழுந்து நாலடி நடந்தால் போதும். எழவில்லை. அறை காலியாக இருந்ததற்கு அதுதான் காரணம். அங்கே சொல்லிக்கொள்ளும்படி யாரும் இருக்கவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் நீ பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

தொகுப்பாசிரியரிடம் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டேன். உன் சாவித் தடத்தை என் பெயரில் அச்சடிக்க முடியாது.

துர்கா

*

கோத்தகிரி
20 பிப்ரவரி 2025

துர்கா,

உன் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் படித்தேன். அடுத்த பீரியடில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். "மிஸ், பனி உள்ள வருது, ஜன்னல மூடுங்க மிஸ்" என்று கத்தினார்கள். மூடினேன்.

திரும்பப் பெறாதே. தொகுப்பாசிரியருக்கு நானே எழுதிவிட்டேன். ஒரு கட்டுரை இல்லை, இரண்டு. சமையல்காரியும் ஆணியும் என்னுடையது, என் பெயரில். நாற்காலி உன்னுடையது. அதை நீ மட்டும்தான் எழுத முடியும். பக்கத்துப் பக்கத்தில் அச்சடிக்கட்டும். யாருடைய பெயரும் யாருடைய பெயருக்குக் கீழும் வரவேண்டாம்.

கோர்வை உவமையை எடுத்துவிடு. நான் அந்தத் தறியைப் பார்க்கவில்லை. ஆனால் நீ சொல்லிக் கேட்ட அளவில், கோர்வையில் கரையும் உடலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் இரண்டுக்கும் சேதம். நம் நாவலில் அது நடக்கவில்லை. வழக்கறிஞர் சமையல்காரியின் வார்த்தைக்கு மேலே தன் வார்த்தையைப் போட்டு மூடுகிறார். அது நெசவு இல்லை, போர்வை.

உன் அப்பா சிரித்ததைப் படித்து நானும் சிரித்தேன். அதற்கு அப்புறம் அழுதேன். ஐந்து மாதமாக அது நிஜமான வழக்கமாக இருக்கக்கூடாதா என்று நானும் ஒரு பக்கம் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். உன்னிடம் பொய்யைக் கண்டுபிடித்துக்கொண்டே, அது பொய்யாக இல்லாவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தேன்.

தறி அறையைப் பார்க்க வரமாட்டேன். "அப்பறம் ஒரு நாள்" எனக்கு வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது? ஒரு தறி. கதவு மறித்ததால்தான் அது அவ்வளவு பெரிய அறையாகத் தெரிந்தது.

நம்பரை இன்னும் திறக்கவில்லை. போனில் நீ வேகமாகப் பேசி என்னைச் சமாதானம் செய்துவிடுவாய். கடிதத்தில்தான் நீ மாட்டிக்கொள்கிறாய். கொஞ்ச நாள் இப்படியே இருப்போம்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறேன். தாமல் ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கினால் யாரைக் கேட்டாலும் ஆட்டோ யேசுதாஸ் வீட்டைக் காட்டுவார்கள். அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. நீ சொல்லவேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு இல்லை. வாசலில் நின்று, வருவதற்கு முன்னால்.

கேட்டுவிட்டு அம்மா உன்னை உள்ளே விடுவாளா, எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள்தான் இருப்பேன். அவள் குறுக்கே கையை வைத்தால் நான் எழுந்து வருவேனா, இல்லை உட்கார்ந்த இடத்திலிருந்து எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேனா, அதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்தவளுக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

வா. தெரிந்துகொள்ளலாம்.

திரிஷா